லோகேஸ்வரி அக்காவின் பெயரில்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் மகளிர் சிறுதொழில் சங்கத்தின் ஆலோசகர் ஐயா சிவநேசன் அவர்களே! டெங்கிலில் இருந்து வந்து, மேடையின் ஓரத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் அமரரின் தம்பி ரெங்கசாமி அண்ணே! ஞாயிற்றுக்கிழமைச் சமையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் என் சங்கத்துச் சகோதரிகளே! அக்காவிடம் மாவு வாங்கித் தோசை சுட்ட கிள்ளான் பிளாட் குடியிருப்பாளர்களே! உங்கள் எல்லாரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

என் பெயர் குமுதா. இந்தச் சங்கத்தின் செயலாளர். பிரிக்பீல்ட்ஸில் சின்னதாக ஓர் இட்லிக் கடை வைத்திருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படித்தபோது பேச்சுப் போட்டியில் மேடை ஏறினேன். அதற்குப் பிறகு மைக்கைப் பிடிப்பது இன்றுதான்.

என்ன பேச வேண்டும் என்று ஐயா சிவநேசன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். நல்ல தமிழில், அழகாக எழுதியிருக்கிறார். சேவைச் செம்மல் அமரர் லோகேஸ்வரி அம்மையார், ஏழைப் பெண்களின் கைவிளக்கு என்று தொடங்குகிறது. அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை, ஐயா. ஆனால் அந்தத் தாளை நான் மடித்து வைத்துவிடுகிறேன். மன்னிக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது அதில் இல்லை.

யார் இந்த லோகேஸ்வரி?

பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலை. தொலைக்காட்சிப் பெட்டிக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பாகங்களை ஈயம் வைத்து ஒட்டும் வேலை. இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவர் அவர். ஒரு நாள் எல்லாரையும் கேண்டீனில் கூப்பிட்டு நிறுத்தி, கம்பெனி வேறு நாட்டுக்குப் போகிறது, நாளையில் இருந்து வர வேண்டாம் என்றார்கள். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து வயது. கணவர் முன்பே காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. நாற்பத்தைந்து வயதுத் தமிழ்ப் பெண்ணுக்கு இந்த ஊரில் யார் வேலை கொடுப்பார்கள்? எத்தனை கதவுகளைத் தட்டினார்! வயதைக் கேட்டதும் எத்தனை பேர் கதவைச் சாத்தினார்கள்!

கையில் இருந்தது கொஞ்சம்தான். அதில் மூன்று மாத வாடகையை ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியில் ஒரு கிரைண்டர் வாங்கினார். மூடப்போன ஓர் உணவகத்தின் பழைய கிரைண்டர். லோரிக்காரர் அதைக் கீழே இறக்கிப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த புளோக்கில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்றாம் மாடி. கல்லைத் தனியாகக் கழற்றி, ஒவ்வொரு படியாக உருட்டி ஏற்றினாராம். பாதியில் ஒரு மலாய்க்காரத் தம்பியும் அவன் அம்மாவும் வந்து கை கொடுத்தார்களாம். இதை அவரே சிரித்துச் சிரித்துச் சொல்வார். "கல்லு ஏறிடுச்சு குமுதா, என் இடுப்புதான் இன்னும் ரெண்டாவது மாடியில நிக்குது."

முதல் நாள் பத்துப் பொட்டலம் மாவு கட்டினார். விற்றது நான்கு. மீதி ஆறும் பொங்கி வழிந்தது. மூன்று நாள் புளித்த தோசையையே சாப்பிட்டார். நான்காம் நாள் மறுபடியும் அரைத்தார்.

ஒரு வருடத்தில் மூன்று புளோக்குக்கும் லோகா மாவுதான். நகராண்மைக் கழகத்தில் உரிமம் எடுத்தார். உணவு கையாளும் பயிற்சிக்குப் போனார், டைஃபாய்டு ஊசி போட்டுக்கொண்டார், பொட்டலத்தின் மேல் ஒட்ட மஞ்சள் நிறத்தில் லேபிள் அடித்தார். அத்தோடு அவர் நின்றிருக்கலாம். தன் மாவு, தன் பிழைப்பு என்று இருந்திருக்கலாம். இருந்தாரா?

இந்த மண்டபத்தில் முன்வரிசையில் இருக்கும் சகோதரிகளைக் கேட்கிறேன். நாம் பதினான்கு பேர். நம்மில் யார் அவரைத் தேடிப் போகும்போது கையில் காசோடு போனோம்?

நான் போனது என் கணவருக்குக் காலில் பாதியை எடுத்த பிறகு. லோரி ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். சர்க்கரை நோய். இரண்டு பெண் பிள்ளைகள், இரண்டும் பள்ளியில். நான் அக்காவின் வீட்டு வாசலில் நின்று, ஏதாவது வியாபாரம் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டேன். அவர் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"உனக்கு என்னா செய்யத் தெரியும்?"

"சட்னி நல்லா அரைப்பேன்கா."

"சரி. அத யாரு வாங்குவா? பத்து பேரு பேரச் சொல்லு."

"ஜனங்க வாங்குவாங்க…"

"ஜனங்கன்னு யாரும் இல்ல லா. பேரு சொல்லு. எந்த புளோக்கு, எந்த வீடு? பத்து பேரு பேரு சொல்ல முடியலன்னா அடுப்பப் பத்த வைக்காத. கேஸ் வேஸ்டு."

எழுந்து வந்துவிட்டேன். அழுகையாக வந்தது. ஒரு வாரம் படிப்படியாக ஏறி இறங்கி, கதவு கதவாகப் பேசி, பத்துப் பெயரோடு திரும்பிப் போனேன். அவர் பட்டியலைப் பார்க்கவே இல்லை. "வா, ஆரம்பிப்போம்" என்றார். தேங்காய் திருகும் இயந்திரத்தைக் கொடுத்தார். மூடி போட்ட டப்பாக்களைக் கொடுத்தார். முதல் நாள் கோயில் வாசலில் மேசை போட்டபோது எனக்கு வாயே திறக்கவில்லை. தெரிந்தவர்கள் பார்க்கிறார்களே என்று கூச்சம். அவர் தன் மாவை வீட்டில் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்று கத்தினார். "வாங்க அங்கிள்! வாங்க ஆன்டி! இப்பத்தான் அரைச்ச சட்னி!" அன்று என் டப்பாக்கள் பத்தரை மணிக்கெல்லாம் காலி.

கடன் வாங்கித் தொழில் தொடங்கக் கூடாது, இருக்கிற சட்டியில் தொடங்கு என்பார். முதல் மூன்று மாதம் லாபம் வராது, அதற்காக அழக் கூடாது என்பார். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று சொல்வார். சாப்பாட்டு வியாபாரத்தில் மூக்குதான் முதலாளி. மூக்கு சந்தேகப்பட்டால் கொட்டிவிடு. நஷ்டம் ஒரு சட்டி. கொடுத்துவிட்டால் நஷ்டம் ஒரு வீடு. இதை எத்தனை முறை சொல்லியிருப்பார்! நம்மில் யார் கேட்கவில்லை?

கோவிட் வந்து நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலம் வந்தது. கடைகள் மூடின. நம் வீட்டு ஆண்களின் வேலை போனது. அந்த இரண்டு வருடமும் கிள்ளானில் நம் பதினான்கு குடும்பம் எப்படிச் சாப்பிட்டது? லோகா என்ற அந்த மஞ்சள் லேபிளால் சாப்பிட்டது. ஒருத்தி மிளகாய்ச் சம்பல், ஒருத்தி முறுக்கு, ஒருத்தி சாம்பார், நான் சட்னி. எல்லாம் அக்காவின் உரிமத்தில், அக்காவின் பெயரில். ஏனென்றால் நம்மிடம் உரிமம் இல்லை. ஊசி போடுங்கள், பயிற்சிக்குப் போங்கள் என்று அவர் நச்சரித்துக்கொண்டே இருந்தார். சிலர் போனோம். நான் போகவில்லை. அடுத்த மாதம் போகிறேன் அக்கா, அடுத்த மாதம். அவர் என்னை நிறுத்தியிருக்க வேண்டும். சட்டப்படி நிறுத்தியிருக்க வேண்டும். என் வீட்டில் நாலு பேர் சாப்பிட வேண்டுமே என்று இரக்கப்பட்டார். அமரர் லோகேஸ்வரி செய்த தவறு என்று ஒன்று உண்டென்றால் அந்த இரக்கம் ஒன்றுதான்.

அப்போதுதான் நாம் இந்தச் சங்கத்தைத் தொடங்கினோம். சேவைச் செம்மல் என்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினோம். சங்க அலுவலகத்தின் சுவரில் அவர் படத்தை மாட்டினோம். மாட்டிய படத்தை இரண்டு வருடத்துக்கு முன் நாமே கழற்றினோம். இன்று மறுபடியும் துடைத்து, மாலை போட்டு, இங்கே வைத்திருக்கிறோம். இடையில் நடந்ததைப் பற்றி ஐயாவின் தாளில் 'சில சோதனைகள்' என்று இரண்டே வார்த்தை இருக்கிறது.

அந்தச் சோதனையை நான் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன், பள்ளி விடுமுறையில், இங்கே கிள்ளானில் பிள்ளைகளுக்கு ஒரு முகாம் நடந்தது. நாற்பது பிள்ளைகள். சனிக்கிழமை காலை உணவு நம்முடையது. இட்லி அக்கா, சாம்பார் இன்னொரு சகோதரி, சட்னி நான். தேங்காய் விலை ஏறிக் கிடந்த நேரம். வெள்ளிக்கிழமை மதியமே தேங்காயைத் திருகிக் குளிர்ப் பெட்டியில் வைத்துவிட்டேன். எங்கள் குளிர்ப் பெட்டி இரண்டு நாளாகச் சரியாகக் குளிரவில்லை. எனக்கு அது தெரியும். பழுது பார்க்கக் காசு இல்லை.

சனிக்கிழமை விடியற்காலை டப்பாவைத் திறந்தேன்.

வாடை அடித்தது.

பலமாக இல்லை. லேசாக. ஆனால் அடித்தது. கடை திறக்க ஏழு மணி ஆகும். அக்கா ஆறரைக்கு வந்துவிடுவார். வேறு தேங்காய் இல்லை. கொட்டிவிட்டு, அக்கா, இன்று சட்னி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாம்பாரோடு பிள்ளைகள் சாப்பிட்டிருப்பார்கள். ஒரு வார்த்தை! அந்த ஒரு வார்த்தையை ஏன் நான் சொல்லவில்லை? இரண்டு வருடமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. அந்த வாரம் அதுதான் என் ஒரே ஆர்டர்.

நான் மல்லித்தழையை அள்ளிப் போட்டேன். பச்சை மிளகாயைக் கூட்டினேன். இரண்டு எலுமிச்சையைப் பிழிந்தேன். வாடை போய்விட்டது.

அக்கா தன் பழைய காரில் வந்து நின்றார். டப்பாவை வாங்கும்போது கேட்டார்.

"ருசி பார்த்தியா?"

"பார்த்தேன்கா. நல்லாருக்கு."

சகோதரிகளே, பெரியோர்களே, அந்தச் சட்னியை அரைத்தவள் நான். லோகேஸ்வரி அக்கா அல்ல. நான்.

கொஞ்சம் அமைதியாக இருங்கள். ஐயா, தயவுசெய்து மைக்கை வாங்காதீர்கள். முடித்துவிடுகிறேன்.

பத்து மணிக்குள் பிள்ளைகள் வாந்தி எடுக்கத் தொடங்கினார்கள். பதினொரு பிள்ளைகளை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பத்துப் பேர் மறுநாளுக்குள் வீடு திரும்பினார்கள். ஒரு பிள்ளை திரும்பவில்லை. ஒன்பது வயது தீபாஷினி. நான்கு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தாள். அவள் அம்மா மலர்விழி இதோ மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். என்ன இருந்தாலும் இறந்தவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று வந்திருக்கிறார். மலர்விழி அக்கா, உங்களுக்கு இருக்கும் அந்த மனசு எங்களுக்கு இல்லை.

அன்று மருத்துவமனை நடைபாதையில் நீங்கள் லோகேஸ்வரி அக்காவின் கையைப் பிடித்து உலுக்கினீர்கள். "என்னத்தக் கலந்து குடுத்தீங்க என் பிள்ளைக்கு? உங்கள நம்பித்தானே சாப்பிட வச்சேன்!" என்று கதறினீர்கள். அவர் தலை குனிந்து நின்றார். பத்தடி தள்ளி, கையில் தண்ணீர்ப் புட்டியோடு ஒருத்தி நின்றாளே, நினைவிருக்கிறதா? நீங்கள் அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தீர்கள். அது நான்தான்.

நான் லோகேஸ்வரி அக்காவை மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"அக்கா, சட்னியிலதான் ஏதோ. நான் போய்ச் சொல்லிடுறேன்கா."

"வாய மூடு. நீ ஊசி போட்டியா? கோர்ஸ் போனியா? உன் வீட்டுக்கு வருவாங்க. அப்புறம் ஒவ்வொரு வீடா வருவாங்க. பதினாலு அடுப்பும் அணைஞ்சிடும் குமுதா. என் பேரு மட்டும் போனா ஒரு அடுப்புதான்."

"பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா?"

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பிறகு, "அதுவும் என் பேர்லதான்" என்றார். நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. காலையில வாடை ஏதும் அடிச்சுச்சா?"

"இல்லக்கா."

இரண்டாவது பொய்.

கார் வெயிலில் நின்றது, அதனால்தான் கெட்டிருக்கும், தன் தவறுதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். என் பழியை வாங்கிக்கொண்டார் என்று சொன்னால்கூட அது சரியில்லை. நான் அவருக்கு அந்த வாய்ப்பைக்கூடக் கொடுக்கவில்லை. விபத்து என்று நம்பித்தான் அதைத் தோளில் தூக்கினார். உண்மை தெரிந்திருந்தால் தூக்கியிருப்பாரா, மாட்டாரா? எனக்குத் தெரியாது. யாருக்குமே இனித் தெரியப்போவதில்லை.

அதிகாரிகள் வந்தார்கள். எல்லாம் நான் சமைத்தது, என் வீட்டில் சமைத்தது என்று அக்கா கையெழுத்துப் போட்டார். சமையலறையைப் பதினான்கு நாள் மூடினார்கள். அபராதம் கட்டினார். அது பெரிதில்லை. பெரியது வாட்சப்பில் நடந்தது. அவர் படம் போட்டு, "இந்தப் பொம்பளகிட்ட வாங்காதீங்க, விஷம் லா" என்று குரல் பதிவு. அந்தப் பதிவு என் கைப்பேசிக்கும் பதினேழு முறை வந்தது. ஒரு முறையாவது, இல்லை, அது அவர் செய்ததில்லை என்று நான் பதில் போட்டேனா? இந்த முன்வரிசையில் யாராவது போட்டோமா? சட்னி யார் வீட்டில் அரைத்தது என்று நம் பதினான்கு பேருக்கும் தெரியும்தானே? வாடை அடித்தது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அரைத்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும்!

பதினைந்தாம் நாள் அக்கா மறுபடியும் மாவு அரைத்தார். இருபது பொட்டலம். கீழே மேசை போட்டு உட்கார்ந்தார். ஒன்றும் விற்கவில்லை. மறுநாளும் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் யாரோ மேசை மேல் குப்பைப் பையை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதற்குப் பிறகு அவர் கீழே வரவில்லை.

நாம் என்ன செய்தோம்? புதிய லேபிள் அடித்தோம். அவர் இல்லாத புதிய வாட்சப் குழு தொடங்கினோம். அந்தக் குழுவைத் தொடங்கியவளும் நான்தான். அவர் படத்தைக் கழற்றும் தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. சங்கத்தின் நலனுக்காக என்று குறிப்பில் எழுதினேன். என் கையெழுத்தில் இருக்கிறது.

போன வருடம் கிள்ளானில் ஓர் உணவகத்தில் பழைய சாமான் வாங்கப் போனேன். பின்பக்கச் சந்தில் வண்டியை நிறுத்தினேன். அங்கே தண்ணீர்க் குழாய் அருகே, கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து, ஒருவர் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். அறுபது வயதில் லோகேஸ்வரி அக்கா. முதுகைத்தான் பார்த்தேன். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். ஓடிப்போய் அந்தக் கையில் இருந்த தட்டைப் பிடுங்கியிருக்க வேண்டாமா? அக்கா என்று ஒரு குரல் கொடுத்திருக்க வேண்டாமா? திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்!

நான் பிரிக்பீல்ட்ஸில் கடை திறந்த வாரம் அவரிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. ஒன்றரை வருடத்தில் வந்த ஒரே பதிவு. இன்னும் என்னிடம் இருக்கிறது.

"குமுதா, கடை போட்டுட்டியாமே. கேட்டு ரொம்ப சந்தோஷமாச்சு. பிள்ளைங்க நல்லாருக்கா? கடைக்கு ஃபிரிட்ஜ் மட்டும் நல்லதா வாங்கிக்க, என்னா? பழசு வேணாம்."

அவ்வளவுதான். பழசு வேண்டாம் என்று ஏன் சொன்னார்? எல்லாருக்கும் சொல்லும் அறிவுரையா? அல்லது எங்கள் வீட்டுக் குளிர்ப் பெட்டியைப் பற்றி அவருக்கு எப்போதோ தெரிந்துவிட்டதா? தெரிந்தும் இரண்டு வருடம் பேசாமல் இருந்தாரா? அந்தப் பதிவை நூறு தடவை கேட்டுவிட்டேன். குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினேன். கிடைக்கவில்லை. நான் பதில் அனுப்பவில்லை. நாளைக்கு அனுப்பலாம் என்று இருந்தேன். சகோதரிகளே, எனக்கு எப்போதும் நாளைக்குத்தான்.

மூன்று வாரத்துக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகும் வழியில், கிள்ளான் ரயில் நிலையத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. மருத்துவமனையில் இருந்து எனக்குத்தான் அழைத்தார்கள். அவர் கைப்பேசியில் என் எண்ணை 'குமுதா தங்கச்சி' என்று போட்டிருந்ததாக அழைத்த தாதி சொன்னார். "நீங்க தங்கச்சியா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அது மூன்றாவது பொய்யா, உண்மையா, எனக்கே தெரியவில்லை. ரெங்கசாமி அண்ணனைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். அண்ணே, அன்றே உங்களிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும். பிணவறை வாசலில் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள்லாம் இருந்தீங்களேன்னு கொஞ்சம் ஆறுதல்மா" என்றீர்கள். சொல்ல முடியவில்லை.

நேற்று என் கணவரிடம் இதை முதல் முறையாகச் சொன்னேன். அவர் கேட்டார்: "இப்ப சொல்லி என்னா ஆவப்போவுது? அவங்கதான் போயிட்டாங்களே. கடைய மூடிட்டா ரெண்டு பிள்ளைய எப்படிப் படிக்க வைக்கிறது?" அவர் கேட்டதில் தவறில்லை. இதைச் சொல்வதால் யாருக்கு என்ன நன்மை? அக்கா திரும்பி வரப்போகிறாரா? என் கடையில் வேலை செய்யும் இரண்டு பெண்களுக்கு நாளை வேலை இருக்குமா? அக்கா காப்பாற்ற நினைத்த பதினான்கு அடுப்பில் இன்று எரிவது எத்தனை? ஐந்து! மற்ற ஒன்பது பேரும் வாடகை ஏறி, சாமான் விலை ஏறி, ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். ஒருத்தி வீடு கூட்டும் வேலைக்குப் போகிறாள். ஒருத்தி மகளோடு ஜொகூருக்குப் போய்விட்டு, இன்று இதற்காக வந்திருக்கிறாள். லோகேஸ்வரி அக்கா தன் பெயரை எரித்துக் காப்பாற்றியதில் பாதிக்கு மேல் தானாகவே அணைந்துவிட்டது. அவர் கொடுத்ததற்கு என்ன மிச்சம்?

ஒன்றும் மிச்சம் இல்லாவிட்டாலும் அவர் பெயரை அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

மலர்விழி அக்கா, எழுந்துவிட்டீர்கள். உட்காருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. தீபாஷினி இன்னும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகப் பரிசோதனைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். மன்னியுங்கள் என்று கேட்கவும் மாட்டேன். என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டுங்கள், அடிக்க வேண்டும் என்றால் மேடைக்கு வாருங்கள். நீங்கள் கதவுப் பக்கம் போகிறீர்கள். போங்கள் அக்கா. ஆனால் போகும்போது ஒன்றைக் கேட்டுவிட்டுப் போங்கள். உங்கள் பிள்ளைக்காக ஐ.சி.யூ. வாசலில் நான்கு நாளும் நின்றவர் லோகேஸ்வரி. நீங்கள் பார்த்தால் கோபப்படுவீர்கள் என்று தூணுக்குப் பின்னால் நின்றார். நான் இரண்டாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டேன்.

போய்விட்டார்.

இரங்கல் கூட்டம் என்றால் கடைசியில் ஓர் உறுதிமொழி சொல்ல வேண்டும். அமரரின் பணியைத் தொடர்வோம் என்று ஐயாவின் தாளில் எழுதியிருக்கிறது. எந்தப் பணியை? கையில் காசில்லாத பெண்ணுக்கு ஒரு தொழிலைக் கற்றுக்கொடுக்கும் பணியைத் தொடர எனக்குத் தகுதி இல்லை. என்னால் முடிந்தது ஒன்றுதான். நாளை திங்கட்கிழமை. சுகாதார அலுவலகத்துக்குப் போகிறேன். அந்தச் சட்னி என் வீட்டில் அரைத்தது, கெட்டது தெரிந்தே கொடுத்தேன் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். மலாயில் எழுதி வைத்திருக்கிறேன். என் மூத்த மகள்தான் எழுத்துப் பிழை திருத்திக் கொடுத்தாள். திருத்தும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

அந்தக் கடிதத்தில் இன்னொரு வரியும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். சட்னியை அரைத்தது லோகேஸ்வரி அல்ல என்று எங்கள் சங்கத்தில் எல்லாருக்கும் தெரியும் என்ற வரி. அதில் நான் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது. முன்வரிசையில் இருக்கும் பதின்மூன்று சகோதரிகளையும் கேட்கிறேன். யார் யார் என்னோடு வந்து கையெழுத்துப் போடுகிறீர்கள்? கை தூக்குங்கள்.

ஒருவரும் இல்லையா?

அவசரம் இல்லை. காத்திருக்கிறேன்.

ரெங்கசாமி அண்ணே, நீங்கள் கையை இறக்குங்கள். நான் கேட்டது உங்களை அல்ல. உங்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது செல்லாது, அண்ணே. தயவுசெய்து இறக்குங்கள்.

சரி.

அலுவலகம் எட்டு மணிக்குத் திறக்கும். நான் போகிறேன். எல்லாருக்கும் வணக்கம்.